மோட்டாருக்கும் நாடி உண்டு

ஓடிக் கொண்டிருக்கிற வரையில் மோட்டார் வண்டியைப் பற்றி யாரும் சிந்திப்பதில்லை. அது நடுத்தெருவில் நின்று போனாலோ, கார் ஓட்டத் தெரியாதவர்கள்கூட அபிப்பிராயம் சொல்ல வந்து விடுகிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில் உள்ள வடமதுரையை எடுத்துக் கொள்வோம். சாலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடி வந்த பழைய அம்பாஸடர் கார் ஒன்று ஊருக்குள் திரும்புகிறது. கடைத்தெருவில் கூட்டத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்ததும் அதன் உடம்பெல்லாம் நடுங்குகிறது. இரண்டு முறை இருமிவிட்டு நின்று விடுகிறது. உடனே டீக்கடை வாசலிலிருந்து ஒருவர், “பெட்ரோலில் தண்ணீர்” என்கிறார். இன்னொருவர், “பாட்டரி போய் விட்டது” என்கிறார். மூன்றாமவர், “இதை விற்றுத் தொலைத்துவிட்டுப் புது வண்டி வாங்கக் கூடாதா?” என்று உபதேசம் செய்கிறார். நாலாமவர் ஒன்றும் பேசுவதில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரை வாங்கிக் கொண்டு, கார்புரேட்டரில் உள்ள திருகைத் திருப்பத் தொடங்கி விடுகிறார். இந்த நால்வரில் வண்டிக்காரர் உண்மையில் அஞ்ச வேண்டியது இந்த நாலாமவருக்குத்தான்.

ஏனென்றால் மற்ற மூவரும் சொன்னது காற்றோடு போய்விடும். நாலாமவர் செய்ததோ வண்டியோடு தங்கி விடும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுத்தால், பழைய நோயோடு புது நோயும் சேர்ந்து கொள்கிறது. அடுத்தாற்போல் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் எது மூலக் கோளாறு, எது வைத்தியத்தால் வந்த கோளாறு என்று கண்டுபிடிக்கவே பாதி நாளைச் செலவிட வேண்டியதாகிறது.

இது பணக்காரர்களின் கவலையல்லவா, நமக்கென்ன என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய கார் இன்று பெரும்பாலும் பணக்காரர் வீட்டில் இருப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரிடமும், தகப்பனார் வாங்கிய வண்டியை விற்க மனமில்லாமல் காப்பாற்றி வருகிறவரிடமுமே அது இருக்கிறது. வாடகை வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அது மட்டுமல்ல. சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதினைந்து வருஷம் ஆனபின், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். புகைப் பரிசோதனைச் சீட்டும் வேண்டும். அந்தப் பரிசோதனையை எப்போது செய்கிறார்கள் தெரியுமா? வண்டி நின்ற இடத்தில் நின்று, யந்திரம் மட்டும் மெதுவாக ஓடும்போதுதான். பாரத் இரண்டாம் நிலை விதிக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்குக்கும் மேற்படக் கூடாது. நின்ற இடத்தில் நடுங்குகிற யந்திரம் இந்தப் பரீட்சையில் தேறுவது கஷ்டம். ஆகவே இந்த நடுக்கத்தைத் தீர்ப்பது, வண்டி சாலையில் இருப்பதா, பழைய இரும்புக் கடைக்குப் போவதா என்ற கேள்வியாகி விடுகிறது.

நம் நாட்டு வண்டி

அம்பாஸடரை உதாரணமாக எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் அமைப்பைத் தழுவி, வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் 1958ஆம் வருஷம் முதல் அம்பாஸடர் கார்களைச் செய்தார்கள். 2014 மே மாதத்தில் அந்த வேலை நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் மந்திரிகளும் கலெக்டர்களும் டாக்ஸிக்காரர்களும் ஒரே வண்டியில் போனார்கள். சென்னையை அடுத்த பாடியில் 1961ஆம் வருஷம் தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, நம் நாட்டுக் கார்களுக்கு வேண்டிய மின்சாரக் கருவிகளைச் செய்து கொடுத்தது. அந்தக் காலத்து வண்டியில் மூளை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஸ்பானரும், ஒரு சிறு தகட்டு அளவுகோலும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதன் உள்ளம் முழுவதையும் அறிந்து விடலாம். இன்றைய வண்டியில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். பழைய வண்டியில் வண்டியையே கேட்கலாம்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

சாலையில் நன்றாக ஓடுகிற வண்டி நிறுத்தத்தில் மட்டும் ஏன் நடுங்குகிறது? இதை அறிந்து கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அம்பாஸடரின் பழைய பெட்ரோல் யந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள். கொள்ளளவு 1,489 கன சென்டிமீட்டர். கால் ஆக்ஸிலேட்டரில் படாதபோது யந்திரம் நிமிஷத்துக்கு 700 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நிமிஷத்துக்கு 350 தடவை வெடிக்கிறது. நான்குக்கும் சேர்த்து 1,400 வெடிகள். வேகமாக ஓடும்போது சில வெடிகள் தவறினாலும், கனத்த சக்கரத்தின் உந்துதல் அந்தக் குறையை மறைத்து விடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்துதல் போதாது. ஒரு வெடி தவறினால் யந்திரம் குலுங்குகிறது. இரண்டு மூன்று சேர்ந்து தவறினால் நின்று விடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. காலை எடுத்ததும் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடிக் கொள்கிறது. உள்ளே போகும் காற்று மிகச் சொற்பம். அந்தச் சமயத்தில் எங்கேனும் ஒரு மயிரிழை இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைந்தால், அந்தச் சொற்பத்தில் அது பெரும் பங்காகி விடுகிறது. கதவு அகலத் திறந்து ஓடும்போது அதே கசிவு கடலில் கரைத்த பெருங்காயமாகிறது. ஆகவே யந்திரத்தில் எந்த மூலையில் கோளாறு இருந்தாலும் அது முதலில் தலை காட்டுவது இந்த மெதுவான ஓட்டத்தில்தான். வைத்தியர்கள் படுத்திருக்கும் நோயாளியின் நாடியைப் பிடிப்பதுபோல், மெக்கானிக்குகள் நிற்கும் வண்டியின் நாடியைப் பிடிக்கிறார்கள். அதற்கு ‘ஐடிலிங்’ என்று பெயர்.

முதலில் கேள்வி

நல்ல மெக்கானிக்கை எப்படி அறிவது? அவர் முதலில் எடுப்பது ஸ்பானரா, கேள்வியா என்பதைப் பார்த்து அறியலாம். திண்டுக்கல் சீமையில் அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஐயா, வண்டி எப்ப நிக்குது? காலையில எடுத்தவுடனேயா, சூடான பிறகா?”

“சூடான பிறகுதான் தம்பி.”

“டக்குனு விளக்கு அணைஞ்ச மாதிரி நிக்குதா, இல்ல இழுத்து இழுத்து நிக்குதா?”

“இழுத்து இழுத்துத்தான். கொஞ்ச நேரம் விட்டா மறுபடி எடுத்துக்கிது.”

“அப்பத் திருகுல ஒண்ணும் இல்லைங்க ஐயா.”

ஸ்பானரைத் தொடாமலே முக்கால்வாசிக் கோளாறுகளை அவர் விலக்கி விட்டார். விளக்கை ஊதி அணைத்தாற்போல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் குற்றம். தடுமாறி, இருமி, மெல்ல மெல்ல நின்றால் பெட்ரோல் பக்கத்துக் குற்றம். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடிச் சூடானபின் நின்றால், ஒன்று பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. அல்லது காயில், கண்டென்ஸர் இவற்றில் ஒன்று சூட்டில் சோர்ந்து விடுகிறது. ‘சோக்’ இழுத்தால் மட்டும் சீராக ஓடுகிறதென்றால், எங்கோ காற்று அதிகமாகிறது, அல்லது பெட்ரோல் குறைகிறது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் நடுங்கினால், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்குப் போகும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

பின்னால் வரும் புகையும் சாட்சி சொல்லும். கறுத்த புகை, பெட்ரோல் மிகுதி. நீலப் புகை, யந்திர எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் ஓயாத வெண்புகை, ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது.

நெருப்பு

பரிசோதனையை மின்சாரப் பக்கத்திலிருந்து தொடங்குவது உத்தமம். அதிகச் செலவில்லாமல் தெரிந்து கொள்ளக் கூடியது அது.

யந்திரம் மெதுவாக ஓடும்போது, காப்புள்ள இடுக்கியினால் ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் ஒரு கணம் எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். ஒயரை எடுத்ததும் நடுக்கம் அதிகமானால், அந்தச் சிலிண்டர் அதுவரையில் நன்றாக உழைத்திருக்கிறது. எடுத்தும் மாறுதல் இல்லையென்றால் வேலைக்கு வராத சோம்பேறி அதுதான். நால்வரில் குற்றவாளி யார் என்று இப்படித் தெரிந்து விடும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி அவற்றின் முகத்தைப் பார்க்க வேண்டும். இலேசான பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங்குகளோ வால்வுத் தண்டுகளோ தேய்ந்திருக்கின்றன. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிளக்கின் இடைவெளி இந்த யந்திரத்துக்கு 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

அடுத்தாற்போல் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், ‘பாயிண்ட்’ எனப்படும் இரண்டு சிறு முனைகள் தெரியும். அவை முழுவதும் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நாளாவட்டத்தில் அதன் குதிகால் தேய்ந்து இந்த இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் நெருப்புப் பொறியும், அது தோன்றும் நேரமும் கெடுகின்றன. முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் பக்கத்திலிருக்கும் கண்டென்ஸர் கெட்டிருக்கக் கூடும். அதைத் தட்டிப் பார்த்து அறிய முடியாது. நல்லது என்று தெரிந்த வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வழி. மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால், மின்சாரம் குறுக்கு வழி கண்டுபிடித்துக் கொண்டது என்று அர்த்தம். அந்த மூடியை மாற்ற வேண்டியதுதான்.

காற்று

வடமதுரை, வேடசந்தூர், எரியோடு வட்டாரத்தில் மழையில்லாத மாதங்களில் செம்மண் புழுதிக்குக் குறைவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டால், போதிய காற்றின்றிப் பெட்ரோல் மிகுந்து கறுத்த புகை வருகிறது. பழைய கார்கள் பலவற்றில் இந்த வடிகட்டியின் அடியில் எண்ணெய் நிற்கும். புழுதி அதில் படியும். வருஷக் கணக்கில் அதைத் திறந்தே பார்க்காத புண்ணியவான்கள் உண்டு. எண்ணெய் சேறாகியிருந்தால், மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் குறித்த கோடு வரை ஊற்றினால் போதும்.

இது காற்று குறைகிற நோய். காற்று திருட்டுத்தனமாக நுழைகிற நோய் இதற்கு நேர்மாறு. அதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். கார்புரேட்டருக்கும் அதன் கீழுள்ள குழாய்க்கும் நடுவிலுள்ள காஸ்கெட், அந்தக் குழாய் யந்திரத்தோடு சேரும் இடம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறு குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகிய நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். யந்திரம் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான சோப்பு நீரைத் தூரிகையால் தடவ வேண்டும். கசிவுள்ள இடத்தில் நீர் உள்ளே இழுக்கப்படும். யந்திரத்தின் சத்தமும் அந்தக் கணமே மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பதுண்டு. சூடான புகைக் குழாயின் பக்கத்தில் பெட்ரோலைத் தெளிப்பவர் காரைப் பழுது பார்ப்பவரல்ல, கொளுத்துகிறவர்.

பெட்ரோல்

நெருப்பும் காற்றும் சரியென்று தெரிந்த பிறகே பெட்ரோல் பக்கம் போக வேண்டும். அதிலும் டாங்கியிலிருந்து தொடங்கிக் கார்புரேட்டரில் முடிக்க வேண்டுமே தவிர, தலைகீழாக அல்ல.

டாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு வழி உண்டு. அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பின்னோக்கி இழுக்கிறது. வண்டி சில மைல் ஓடி நிற்கும். சிறிது பொறுத்தால் மறுபடி கிளம்பும். நின்றவுடன் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ‘புஸ்’ என்ற சத்தம் வந்து, வண்டியும் உடனே கிளம்பினால், பல நூறு ரூபாய்ச் செலவு ஒரு குண்டூசியோடு தீர்ந்தது.

சித்திரை, வைகாசி மாதங்களில் இன்னொரு நோய். யந்திரத்தின் சூட்டோடு வெயிலின் சூடும் சேர்ந்து, குழாயிலும் பம்பிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி விடுகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுமே ஒழிய ஆவியைத் தள்ளாது. சிறுமலை ஏறுகிற வண்டிகளுக்கு இது அதிகம். சூட்டில் சோர்ந்த காயிலும் இதே மாதிரி வேஷம் போடும். இரண்டில் எது என்று அறிய, வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே ஒரு பிளக் ஒயரில் நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்பு வந்தால் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. பம்பின்மேல் ஈரத் துணியைப் போட்டுச் சிறிது பொறுத்தால் கிளம்பிவிடும். நெருப்பு வராவிட்டால் மின்சாரக் கோளாறு. ஈரத் துணி பயன்படாது. ஆறிய பிறகு பார்த்தால் இரண்டும் யோக்கியர்களாகவே தோன்றும்.

கடைசியில் கார்புரேட்டர். ஸோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு சிறு ஜெட் உண்டு. அதன் துவாரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு மணல் துகள் போதும், அதை அடைக்க. அப்போது வண்டி வேகத்தில் நன்றாக ஓடும். காலை எடுத்தால் நின்று விடும். ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினாலோ, பம்பினால் காற்றடித்தாலோ சரியாகிவிடும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துவாரம் அகன்று விட்டால் அளவு கெட்டது கெட்டதுதான். பிறகு வாழ்நாள் முழுவதும் கறுத்த புகை.

புதிய பெட்ரோல்

இவ்வளவும் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த கதைதான். அவர்கள் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025ஆம் வருஷத்தில் அது நாடெங்கும் பரவி விட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் இந்த எரிசாராயத்தால் அந்நிய நாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகிறது. பிரேஸில் தேசம் 1975ஆம் வருஷத்திலேயே இந்த மார்க்கத்தில் இறங்கியது. நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1960களில் அளவெடுத்துச் செய்த கார்புரேட்டருக்கு இந்தச் செய்தி தெரியாதல்லவா?

சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இரண்டும் கலந்த புதிய பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13½ பங்கு. ஜெட்டின் துவாரமோ பழைய அளவிலேயே இருக்கிறது. அதன் பலன், காற்று மிகுந்து போகிறது. முன்பு சீராக ஓடிய யந்திரம் ஒரு குற்றமும் செய்யாமலே நடுங்கத் தொடங்குகிறது. இத்துடன் இன்னும் இரண்டு தொந்தரவுகள். பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் தோலும் எத்தனாலில் ஊறி, மிருதுவாகி, நாளடைவில் வெடிக்கலாம். டாங்கியில் வெகுகாலமாகப் படிந்திருந்த பிசினைக் கழுவிக் கொண்டு வந்து அதே சிறு ஜெட்டில் சேர்க்கலாம். மேலும் எத்தனால் தண்ணீரை விரும்பிக் குடிக்கும் இயல்புடையது. மாதக் கணக்கில் வண்டி சும்மா நின்றால், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி, அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து டாங்கியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே!

பரிகாரம் பெரிதல்ல. எத்தனாலுக்கு ஏற்ற ரப்பரினால் செய்த குழாய்களையும் பம்புத் தோலையும் ஒரு முறை மாற்றிவிட வேண்டும். பம்புக்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டி போட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை எடுத்து ஓட்ட வேண்டும். நெடுநாள் நிறுத்துவதென்றால் டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும்.

எரிபொருள் மாறுவது நம் பக்கத்துக்குப் புதிதுமல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் கரியை எரித்து வரும் வாயுவினால் பஸ் ஓட்டும் கருவியைச் செய்தார்கள். அன்று அதே யந்திரங்கள் கரி வாயுவைக் குடித்து ஓடின. யந்திரத்தின் போக்கை அறிந்த கைகள் இருந்ததால்தான் அது நடந்தது.

கடைசியில் திருகு

இத்தனையும் பார்த்த பிறகே அந்தத் திருகின்மேல் கை வைக்கலாம். ஸோலெக்ஸ் வகையில் முறை இதுதான்: முதலில் திருகை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிக் கொள்ள வேண்டும். பிசகினால் பழைய நிலைக்குத் திரும்பி வர அந்த எண் வேண்டும். அடி தட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். யந்திரம் நன்றாகச் சூடான பிறகு, வேகத் திருகினால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக் கொண்டு, கலவைத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே திருப்ப வேண்டும். ஓரிடத்தில் யந்திரம் குதிரைபோல் தாவத் தொடங்கும். அது பெட்ரோல் மிகுதி. உள்ளே திருப்பிக் கொண்டு வந்தால் ஓரிடத்தில் தடுமாறும்; அது பெட்ரோல் குறைவு. இரண்டுக்கும் நடுவில் எங்கே சத்தம் மிகச் சீராக இருக்கிறதோ, அங்கே விட்டு விட்டு வேகத் திருகைக் குறைக்க வேண்டும். பிறகு புகைப் பரிசோதனை நிலையத்தில் கார்பன் மோனாக்ஸைடு எவ்வளவு என்று பார்த்து விட்டால், காது சொன்னதற்குக் கருவியின் சாட்சியும் கிடைத்து விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிலிண்டர் மட்டும் வேலைக்கு வர மறுத்தால், அதன் அழுத்தத்தை மானி வைத்து அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி யந்திர எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் குறைவென்றால் நடுவில் காஸ்கெட் போயிருக்கிறது. 2000ஆம் வருஷத்தில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்று போயிற்று. ஈயத்தையே நம்பி வாழ்ந்த பழைய வால்வு இருக்கைகள் அதற்குப் பிறகு சற்று விரைவாகத் தேய்கின்றன. ஆகையால் வால்வின் இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி அவ்வப்போது சரி பார்ப்பது அவசியம்.

சில எச்சரிக்கைகள்

மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆளைத் தூங்க வைத்தே கொன்று விடும். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் உதவாது. ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். வேஷ்டி முனையும் மேல்துண்டும் விசிறிப் பட்டையின் பக்கத்தில் தொங்க வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம்.

மேலே சொன்ன பரிசோதனைகளில் ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், தகட்டு அளவுகோல், காப்புள்ள இடுக்கி, கொஞ்சம் சோப்பு நீர் ஆகியவற்றுக்கு மேல் வேண்டியது அழுத்தமானி ஒன்றுதான். அதையும் பட்டறையில் இரவல் வாங்கிக் கொள்ளலாம். வேண்டியது ஒழுங்கு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அந்த நோட்டுப் புத்தகமே பின்னால் வண்டியின் ஜாதகமாகும்.

பழைய வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து கொண்டே வருகின்றன. அவற்றின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லக் கூடிய கைகளும் குறைந்து வருகின்றன. எந்த ஊரில் அப்படி ஒரு பெரியவர் இன்னும் பட்டறை வைத்திருக்கிறாரோ, அந்த ஊர் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் பழைய கார் இல்லாதவர்கள்கூடப் போய்ப் பார்க்கலாம். தண்ணீர்ப் பம்பானாலும், மோட்டார் சைக்கிளானாலும், மாவரைக்கும் யந்திரமானாலும், கேட்டு, பார்த்து, ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் கை வைக்கிற அந்த முறை ஒன்றேதான்.